ஏழாம் நம்பர் மெஷினைப் பார்க்க வந்தவர்

என் தங்கை உமாதேவியின் வலது கட்டைவிரல் ஒழுங்கான விரல். காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை, தொழிற்சாலை வாசலில் இருக்கும் வருகைப்பதிவு மெஷினின் சின்னக் கண்ணாடியில் அழுந்தும். காய்ச்சலோடு போனாலும் அழுந்தும். போன வருஷத் தசராவில் அந்த விரல், பழக்கத்தில், ஒரே ஒரு தடவை அழுந்தக் கூடாத நேரத்தில் அழுந்தியது. அதனால் பதினாறு வருஷ வேலையே போகப் பார்த்தது.

நாங்கள் கர்நாடக எல்லையில் கௌதள்ளிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அப்பா கட்டட வேலைக்காக மைசூருக்கு வந்தார், நாங்களும் வந்தோம். நான் எட்டாவதோடு நின்று தையல் கற்றுக்கொண்டேன். உமா பத்தாவது முடித்தாள். இருபது வயதில், மைசூர் ஹெப்பாளில் சுவிட்ச் பலகைகள் வார்க்கும் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சேர்ந்தாள். பிசிறு சீவும் வேலை. மேஜையைச் சுற்றிப் பத்துப் பெண்கள் உட்கார்ந்து, வார்த்து வரும் பலகைகளின் ஓரத்தைக் கத்தியால் சீவுவார்கள். மெஷின்களில் நிற்பது அன்றைக்கு ஆண்கள் மட்டும்தான்.

உமாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. சாப்பாட்டு இடைவேளையில் இவள் மட்டும் டிபன் டப்பாவோடு ஏழாம் நம்பர் மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். நெல்மணி மாதிரி பிளாஸ்டிக் மணிகள் மேலே போகும், உள்ளே உருகும், அச்சுக்குள் பாயும். நாற்பத்திரண்டு விநாடிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து பலகையை எடுக்க வேண்டும். ஒன்றரை வருஷம் அப்படி நின்று பார்த்தே கற்றுக்கொண்டாள். ஒரு நாள் ஆள் வராதபோது சூப்பர்வைசர் வேறு வழியில்லாமல் அவளை மெஷினில் நிறுத்தினார். அன்றைக்கு நின்றவள்தான். அந்தக் கம்பெனியில் மெஷின் ஓட்டிய முதல் பெண் என் தங்கை. இதை நான் எல்லாரிடமும் சொல்லுவேன். அவள் சொல்ல மாட்டாள்.

ஒரு தடவை பலகைகளின் மூலையில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. மற்றவர்கள் மணியில் ஈரம் என்றார்கள். உமா, "ஈரம்னா எடம் மாறும். இது ஒரே எடத்துலயே வருது. அச்சுல விரிசல்" என்று சொல்லி மெஷினை நிறுத்திவிட்டாள். பிரித்துப் பார்த்தால் விரிசல்தான். இன்னும் ஒரு நாள் ஓடியிருந்தால் அச்சே போயிருக்கும்.

போன வருஷம் வைகாசியில் அவளுக்கு முதுகு வலி வந்தது. நின்று நின்று வந்த வலி என்று நினைத்தோம். தைலம் தேய்த்தோம். சாயங்காலமானால் இலேசாகக் காய்ச்சல் அடித்தது, ரவிக்கை தொளதொளவென்று ஆனது. அவளுக்கு ரவிக்கை தைப்பவள் நான். மறுபடி அளவெடுத்து நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சுற்றளவில் இரண்டரை அங்குலம் குறைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் காசநோய். மற்றவர்களுக்குத் தொற்றாது, ஆனால் பதினெட்டு மாதம் மாத்திரை. முதுகுக்குப் பெல்ட். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரவோ நிற்கவோ கூடாது.

"படுத்தே இருக்கணும்னா எத்தன நாள் டாக்டர்?" என்று கேட்டாள்.

"நாள் இல்லம்மா. மாசம்."

உமாவின் கணவர் லிங்கப்பன் பெயின்ட் அடிப்பவர். மழை மாதங்களில் வேலை இருக்காது. மகள் தமிழ்ப்ரியா பத்தாவது. வீடு நின்றது உமாவின் சம்பளத்தில். இஎஸ்ஐ பிடித்தம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்ததால், முதல் தொண்ணூற்றொரு நாளைக்குச் சம்பளத்தில் பத்துக்கு ஏழு பங்கு கிடைத்தது. அதற்குப் பிறகு, நீண்ட நாள் நோய்களின் பட்டியலில் காசநோய் இருப்பதால், சிறப்பு மருத்துவர் எழுதிக் கொடுத்து, பத்துக்கு எட்டு. ஆனால் சும்மா வராது. மருத்துவச் சான்றிதழ்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வர வேண்டும். ஒரு சான்றிதழ் வியாழன் முடிந்தால் அடுத்தது வெள்ளியில் ஆரம்பிக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் விட்டால் கேள்வி. நான் ஒரு கோடு போட்ட நோட்டில் எல்லாத் தேதிகளையும் எழுதி, சான்றிதழ்களின் நகலை வரிசையாக அடுக்கி வைத்தேன்.

உமாவுக்கு அந்த நோட்டு பற்றிக் கவலை இல்லை. படுத்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். "இப்ப டீ டைம்." "இப்ப ஷிஃப்ட் மாறும்." அவள் வலது கை தானாக எழும்பி, இல்லாத கதவைத் திறந்து, இல்லாத பலகையை எடுக்கும். நான் ஒரு நாள் தைத்துக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. கை எழும்பியது.

"ஏ புள்ள, அந்தக் கையைக் கொஞ்சம் சும்மா வையேன்."

"அது எம்பேச்சக் கேக்குதா? அக்கா, மனிஷா சரியா ஓட்டறாளான்னு தெரியல. ஏழாம் நம்பர் கதவை மெதுவா இழுக்கணும். வெடுக்குன்னு இழுத்தா மக்கர் பண்ணும்."

மனிஷா அவள் இடத்தில் நிற்கும் கான்ட்ராக்ட் பெண். நல்ல பெண்தான். ஆனாலும் உமாவுக்கு அந்தப் பெயரைச் சொல்லும்போது உதடு கொஞ்சம் இறுகும்.

தசரா வந்தது. மைசூரில் ஆயுத பூஜைக்குப் பேருந்துகூடச் சாமியாகிவிடும். கம்பெனியில் பூஜைக்கு முந்தின நாள், வேலை நாளாகவே, மத்தியானம் ஒரு மணிக்கு மெஷின்களை நிறுத்துவார்கள். கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, கடலெபுரி கொடுப்பார்கள். இங்கே பூஜைப் பொரிக்கு அதுதான் பெயர். அன்றைக்கு எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவார்கள்.

உமா ஆரம்பித்து வைத்த வழக்கமும் ஒன்று உண்டு. ஒவ்வொரு மெஷினுக்கும் தினம் ஒரு உற்பத்தி அட்டை. ஓட்டுகிறவர் பெயர், மணிக்கு எத்தனை பலகை, கீழே கையெழுத்து. பூஜையன்று அந்த நாளின் அட்டைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மெஷினின் பக்கவாட்டில் ஒட்டிவிடுவாள். அடுத்த பூஜை வரை அது அங்கேயே இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன் அவள் செய்ததைப் பார்த்து இப்போது எல்லா மெஷின்காரர்களும் ஒட்டுகிறார்கள்.

"நான் போகலேன்னா ஏழாம் நம்பருக்கு யாரு ஒட்டுவா?" என்றாள். மூன்று நாளாக இதே பேச்சு. கடைசியில் நானே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். அரை மணி நேரத்தில் திரும்பிவிடுவது என்று பேச்சு.

வாசலில் காவலாளி தொட்டையன். கொள்ளேகால்காரர், பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுவார். உமாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"அய்யோ உமக்கா, பாதியாப் போயிட்டீங்களே! வாங்க, வாங்க. பஞ்ச் மாடி" என்று விரல் மெஷினைக் காட்டினார்.

"நான் வேலைக்கு வரல தொட்டையண்ணா. பூஜைக்கு."

"பஞ்ச் மாடிக்கோங்க. இல்லாந்த்ரே பாக்ஸ் சிகல்லா."

பூஜை இனிப்புப் பெட்டி யார் யாருக்கு என்ற பட்டியலை இந்த வருஷம் விரல் மெஷினிலிருந்துதான் எடுக்கிறார்களாம். விரல் வைக்காவிட்டால் பெட்டி இல்லை. உமா பெட்டிக்காக வைத்தாள் என்று நான் நினைக்கவில்லை. விரல் அங்கே போய்ப் பழகிய விரல். வைத்தாள். அது ‘டிங்’ என்றது. எனக்கே சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு என் தங்கை தொழிற்சாலைக்குள் போகிறாள்! மணி இரண்டே முக்கால்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மனிஷா அட்டையைக் கொடுத்தாள். உமா குங்குமம் வைத்து ஒட்டினாள். மெஷினின் கதவை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். வலி வந்துவிட்டது. அவசரமாகக் கிளம்பினோம். வெளியே வரும்போது விரல் வைக்கவில்லை. அந்த ஞாபகமே இல்லை. பெட்டியில் அரைக் கிலோ மைசூர்பாகும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் இருந்தன.

கார்த்திகை மாதம் உதவித்தொகை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதே வாரத்தில் கம்பெனியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. கன்னடத்தில் இருந்தது, தமிழ்ப்ரியா படித்துச் சொன்னாள். உமாதேவி நோய் விடுப்பில் இருந்துகொண்டே அக்டோபரில் ஒரு முழு ஷிஃப்ட் வேலைக்கு வந்திருக்கிறார். ஆகவே அவர் வேலை செய்யத் தகுதியானவர் என்று தெரிகிறது. ஏழு நாளுக்குள் வேலைக்கு வராவிட்டால் தானாகவே வேலையை விட்டுவிட்டதாகக் கருதப்படும்.

"முழு ஷிஃப்டா? எங்க? கனவுலயா?" என்றாள் உமா.

நான் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து வாங்கிப் பார்த்தேன். அந்த ஒரு நாளைக்குச் சம்பளமும் ஏறியிருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டியவள் நான்தான்.

இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே ஜெனிஃபர் என்ற அதிகாரி, தமிழ் பேசுகிறவர். கோப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"விடுப்புல இருந்தவங்க உண்மையிலேயே வேலைக்கு வரலையான்னு நாங்க கம்பெனிகிட்டக் கேப்போம். வழக்கமான படிவம்தான். அவங்க ஒரு நாள் வந்தாங்கன்னு எழுதிட்டாங்க. வேலை செஞ்ச நாளுக்குத் தொகை கிடையாது. அது ஒரு நாள், போகட்டும். ஆனா படுத்திருக்க வேண்டிய ஆள் எட்டு மணி நேரம் மெஷின்ல நின்னாங்கன்னா, மிச்சத்தையும் நான் பாக்கணும் இல்லையா?"

"நிக்கலைங்க மேடம். அரை மணி நேரம் நாற்காலில உக்காந்தா."

"அதைக் கம்பெனி எழுதித் தரட்டும்."

"வேலையே போயிரும்னு லெட்டர் வந்திருக்குதுங்க."

அவர் அதையும் படித்தார். "நோய் உதவித்தொகை வாங்கற காலத்துல இப்படி வேலைய விட்டு எடுக்கக் கூடாது. சட்டம் இருக்கு. அதை எழுத்துல அவங்களுக்குச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. உங்க தங்கச்சி தானா கையெழுத்துப் போட்டு விலகினா, அதை எந்தச் சட்டமும் தடுக்காது. எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம்."

அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். வீட்டில் லிங்கப்பன் வேறு செய்தியோடு உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் பணியாளர் அதிகாரி தீபக் போன் செய்திருக்கிறார். ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் ஒரே மாதத்தில் கைக்கு வரும், உடம்பு சரியானதும் கான்ட்ராக்டில் எடுத்துக்கொள்வார்கள்.

"யோசிச்சுப் பாருங்கக்கா. கையில மொத்தமா வருது" என்றார் என்னிடம். உமாவிடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

உமா படுத்தபடியே கேட்டாள். "கான்ட்ராக்ட்ல எடுப்பாங்களாமா? நான் என்ன செகண்ட் ஹேண்ட் மெஷினா?"

"ஏழு நாள்ல மூணு போயிருச்சு உமா. எதை வெச்சு நீ வேலை செய்யலன்னு காட்டுவ? விரலு உன்து. சம்பளமும் ஏறியிருக்கு" என்றார் லிங்கப்பன்.

உமா பெல்ட்டின் பட்டையை இறுக்கினாள், தளர்த்தினாள், மறுபடி இறுக்கினாள். எழுந்து கதவு வரை நடந்தாள், திரும்பி வந்து படுத்தாள். நான் ஒரு ரவிக்கையின் கையை இடது வலது மாற்றித் தைத்துப் பிரித்தேன். இருபத்தேழு வருஷத் தையலில் நான் அப்படிச் செய்தது அது இரண்டாவது தடவை. மறுநாள் மத்தியானம், வழக்கம்போல அவள் வலது கை எழும்பியது. கதவைத் திறந்தது. பலகையை எடுத்தது. இடது கை, அட்டையில் கோடு போடுவது போல அசைந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா, அட்டை!"

"என்ன அட்டை?"

"அன்னிக்கு ஏழாம் நம்பர்ல நான் வேலை செஞ்சிருந்தா அட்டையில என் பேரு இருக்கணும்ல? ஒரு மெஷினுக்கு ஒரு ஆளு. அட்டை மெஷின் மேலயே இருக்குது. நான்தான ஒட்டுனேன்!"

ஆறாம் நாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை தொட்டையன் விரல் மெஷினைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். "பேடா உமக்கா, பேடா. விரல் வேண்டாம். தப்பு என் மேலதான்."

தீபக்குக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கெட்டவர் இல்லை. கணினியைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். "நோடி உமக்கா, பாருங்க, சிஸ்டம் சொல்லுது. உள்ள வந்த பஞ்ச் இருக்கு, வெளிய போன பஞ்ச் இல்ல. அப்படி இருந்தா சிஸ்டம் முழு நாள் போட்டுக்கும். நான் என்ன மாடோது, என்ன செய்ய முடியும்?"

"சிஸ்டம் அன்னிக்குப் பூஜைக்கு வந்துச்சா சார்?"

"அது வந்து..."

"ரெண்டே முக்காலுக்கு வந்தவ முழு ஷிஃப்ட் எப்படிப் பாத்தேன்? எந்த மெஷின்ல பாத்தேன்? சொல்லுங்க."

அவர் கணினியைத் தட்டினார். மெஷின் நம்பர் அதில் இல்லை.

"வாங்க சார். பத்தடிதான்."

பத்தடி இல்லை, நூற்றைம்பது அடி இருக்கும். உமா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன், விழுந்தால் பிடிக்க. மெஷின்களின் சத்தத்தில் அவள் முகம் மாறிவிட்டது. ஏழாம் நம்பரின் பக்கவாட்டில் அட்டை ஒட்டியிருந்தது. குங்குமம் கறுத்துப் போயிருந்தது. பெயர்: மனிஷா. கடைசி எண்ணிக்கை பகல் ஒரு மணி. அதன் கீழே, கட்டம் போட்ட இடத்தில், கொட்டை எழுத்தில் ‘பூஜைக்காக நிறுத்தம்’, மனிஷாவின் கையெழுத்து. மனிஷா கதவைத் திறந்து பலகையை எடுத்துக்கொண்டே எங்களைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. பேசினால் அவளுக்கு வேலை போகும். அட்டை பேசினால் போதும்.

தீபக் போனில் அட்டையைப் படம் எடுத்தார். மற்ற மெஷின்களின் அட்டைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எதிலும் உமாதேவி இல்லை.

"சரி. ஹெட் ஆபீசுக்கு மெயில் போடறேன். அவங்க சரி பண்ணதும் லெட்டர் வரும். நீங்க வீட்டுக்குப் போங்க."

"ஏழு நாள் நாளைக்கு முடியுது சார்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"அதை எழுதிக் கொடுங்க."

அவர் உள்ளே போனார். வரவேற்பறையில் காத்திருந்தோம். அரை மணி நேரம் ஆனது. நான் கடிகாரத்தைக் காட்டினேன். உமா கைப்பையைத் தலைக்கு வைத்து, வந்தவர்கள் உட்காரும் நீள சோபாவில் கால் நீட்டிப் படுத்துவிட்டாள்.

"ஏய், என்ன புள்ள இது!"

"டாக்டர் சொன்னதைத்தான செய்யறேன்."

பெங்களூரிலிருந்து வந்த இரண்டு டை கட்டிய ஆட்கள் உட்கார இடமில்லாமல் நின்றார்கள். ஒருவர் யாரிது என்று கேட்டார். உமா படுத்தபடியே சொன்னாள். "ஏழாம் நம்பர் மெஷின் ஆபரேட்டர் சார். நோய் விடுப்புல இருக்கேன். பூஜை அன்னிக்கு நின்னுட்டு வேலை செஞ்சேன்னு எழுதியிருக்காங்க. அதான் எப்படி நின்னேன்னு காட்டறேன்."

அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் தீபக் நின்றிருந்தார். அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம். கடிதம் வந்தது. நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன், கன்னடம் எனக்கு மெதுவாகத்தான் வரும். பூஜைக்கு மட்டும் வந்தார், வேலை செய்யவில்லை. வருகைப் பதிவு தவறு. ஒரு நாள் சம்பளம் தவறாக ஏறியது, திரும்பப் பெறப்படும். முந்தைய கடிதம் ரத்து. கடிதத்தின் தேதியை ஒரு நாள் பிந்திப் போட்டிருந்தார்கள். திருத்தச் சொன்னேன். தீபக் பெருமூச்சு விட்டுத் திருத்தினார்.

"உங்க அக்காவை இங்க குவாலிட்டில சேத்துக்கலாம்" என்றார்.

"அவ சேந்தா உங்களுக்கு ஒரு பலகைகூட வெளிய போகாது சார்" என்றாள் உமா, சோபாவிலிருந்து எழுந்திருக்காமல்.

உதவித்தொகை நின்ற வாரங்களுக்கும் சேர்த்து, தை மாதத்தில் வந்தது. அதற்குள் லிங்கப்பன் இரண்டு இடத்தில் கைமாற்று வாங்கியிருந்தார். அது வேறு கதை.

அதற்குப் பிறகு எல்லாம் அமைதியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்னும் கடிகாரத்தைப் பார்க்கிறாள். இன்னும் கை எழும்புகிறது. ஸ்கேனில் எலும்பு கூடி வருகிறது என்கிறார்கள். மார்கழியில் மறுபடி பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகத் தகுதிச் சான்று. போனாலும் நின்று ஓட்ட முடியுமா, வேறு வேலை கொடுப்பார்களா, தெரியாது. "வேற வேலைன்னா மறுபடி பிசிறு சீவறதுதான்" என்கிறாள். அதைச் சொல்லும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறாள். தாகம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. போக வேண்டாம் என்றேன். லிங்கப்பனும் சொன்னார். தமிழ்ப்ரியா கையெடுத்தே கும்பிட்டாள். மத்தியானம் ஒன்றரைக்கு உமா பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் தையலைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

தொட்டையன் எங்களைக் கண்டதும் முகம் வெளிறி, விரல் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார்.

"பயப்படாதீங்க தொட்டையண்ணா. விரல் வைக்க மாட்டேன்."

"பாக்ஸ் சிகல்லா உமக்கா."

"பாக்ஸ் யாருக்கு வேணும்? வெளியாளுங்க வந்தா எழுதற புக்கைக் கொடுங்க."

அவர் வருகையாளர் பதிவேட்டை நீட்டினார். உமா சுவரில் சாய்ந்து நின்று, கட்டம் கட்டமாக நிரப்பினாள். பெயர் உமாதேவி. உள்ளே வந்த நேரம் இரண்டு பத்து. யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினாள்: ஏழாம் நம்பர் மெஷின்.

தொட்டையன் அதைப் படித்துவிட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வருகையாளர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது நெற்றியில் மெஷின் குங்குமம் இருந்தது. ஆட்டோவில் கால் வைத்தவளை நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வெளிய போன நேரம்?"

"அட ஆமா!" என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் போய், பதிவேட்டில் இரண்டு முப்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பக்கத்தை நான் போனில் படம் எடுத்து, பிரதி போட்டு, நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.